ஜிம்மி பேஜ் எங்கே படித்தார்?

'பிகமிங் லெட் செப்பெலின்' ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டவை இரண்டு கேள்விகள். லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழு தொடங்குவதற்கு முன் அதன் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் லண்டன் ஸ்டூடியோக்களில் மற்றவர்களின் பாட்டுக்குக் கூலிக்கு கிதார் வாசித்தார் என்று படம் சொல்லிவிட்டுச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறதே, அந்த வருஷங்கள் அவ்வளவு முக்கியமா? படம் காட்டுவதுதான் முழுக் கதையா?

முக்கியம்தான். பேஜ் என்ற கலைஞரைப் புரிந்துகொள்ள அந்த வருஷங்களைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் படம் காட்டுவது முழுக் கதை இல்லை. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நிறைய இடம் வேண்டும்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். இயக்கியவர் பெர்னார்ட் மக்மஹோன், கூடவே எழுதியவர் அலிசன் மகூர்ட்டி. இதற்கு முன் இவர்கள் எடுத்தது 1920களில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களை முதன்முதலில் இசைத்தட்டில் பதிவுசெய்த கதை. அதனால் ஒரு பாட்டு எந்த அறையில், எந்தக் கருவியில் பதிவானது என்பதில் இவர்களுக்கு இயல்பாகவே அக்கறை உண்டு. 2021இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முழுமையாகாத வடிவத்தைக் காட்டினார்கள். 2025 பிப்ரவரியில்தான் ஐமேக்ஸ் திரைகளுக்கு வந்தது. படத்தில் பேசுபவர்கள் நால்வர் மட்டுமே: பேஜ், பாடகர் ராபர்ட் பிளான்ட், பேஸ் கிதார் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ், பிறகு 1980இல் இறந்துபோன டிரம்ஸ் கலைஞர் ஜான் போன்ஹாமின் குரல். அந்தக் குரல் ஒரு பழைய ஒலிநாடாப் பேட்டியிலிருந்து எடுத்தது. அதை மற்ற மூவரும் உட்கார்ந்து கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். எழுபதைத் தாண்டிய மூன்று பேர், முப்பத்திரண்டு வயதில் போய்விட்ட நண்பனின் குரலைக் கேட்கிறார்கள். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

சரி, பேஜுக்கு வருவோம். 1944 ஜனவரி 9இல் பிறந்தவர். லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்ற ஊருக்குக் குடும்பம் வீடு மாறிப் போனபோது, அந்த வீட்டில் யாரோ விட்டுப்போன ஒரு கிதார் கிடந்ததாம். அப்போது இங்கிலாந்தையே லோனி டோனகனின் ஸ்கிஃபிள் இசை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. கிதார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு சொருகிச் செய்த பேஸ், இவை இருந்தால் போதும், பையன்கள் குழு ஆரம்பித்துவிடுவார்கள். பேஜும் ஆரம்பித்தார். 1957இல் பிபிசி தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியில் வாசித்தார். பெரியவனானதும் என்ன செய்யப்போகிறாய் என்று நிகழ்ச்சியை நடத்திய ஹியூ வெல்டன் கேட்க, உயிரியல் ஆராய்ச்சி என்கிறான் பதின்மூன்று வயதுப் பையன். அந்தத் துண்டுக் காட்சியைப் பலரும் வேடிக்கையாகப் பகிர்கிறார்கள். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆசை அந்தப் பதிலிலேயே இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடம் மட்டும் பிறகு மாறிப்போனது.

பள்ளியை விட்டதும் நீல் கிறிஸ்டியன் என்ற பாடகரின் குழுவோடு ஊர் ஊராகப் போனார். குளிரில் வேனில் தூங்கி, நேரத்துக்குச் சாப்பாடில்லாமல் உடம்பு கெட்டுப்போனது. அதை விட்டுவிட்டு சட்டன் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டூடியோக்களிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. 1963 தொடக்கத்தில் இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஜெட் ஹாரிஸ், டோனி மீஹன் இசைத்தட்டில் வாசித்தபோது பேஜுக்குப் பத்தொன்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை.

அன்றைய லண்டன் ஸ்டூடியோ எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம், அது இசைக்கலைஞர் சங்கத்தின் கணக்கு. காலை 10 முதல் 1 வரை ஒன்று, பிற்பகல் 2 முதல் 5 வரை ஒன்று, இரவு 7 முதல் 10 வரை ஒன்று. யாருடைய பாட்டு என்பது பல நாள் உள்ளே போகும்வரை தெரியாது. ஒரு செஷனில் பாப் பாடகி, அடுத்ததில் விளம்பரத் துணுக்கு, இரவில் சினிமாப் பின்னணி. மூன்று மணி நேரத்துக்குள் மூன்று நான்கு பாட்டு முடிந்தாக வேண்டும். சொதப்புகிறவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். கிதாருக்கு முதல் பெயர் பிக் ஜிம் சல்லிவன். அவர் பெரிய ஜிம், பேஜ் சின்ன ஜிம். ஆரம்பத்தில் பேஜுக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. மேசையில் வைக்கிற தாள்கள் நாளுக்கு நாள் சிக்கலாகிக்கொண்டே போக, வேறு வழியில்லாமல் படிக்கக் கற்றுக்கொண்டார்.

அந்த நாட்களில் அவர் வாசித்தவற்றில் சில இன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. 1964இல் ஜான் பாரி இசையில் ஷெர்லி பாஸி பாடிய 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படப் பாட்டின் செஷனில் பேஜ் இருந்தார். பாஸி அந்தக் கடைசி ஸ்வரத்தை இழுத்து முடித்ததும் அப்படியே சரிந்து விழுந்தார் என்று பேஜ் இன்னும் வியப்போடு சொல்கிறார். தி ஹூ குழுவின் முதல் வெற்றிப் பாட்டில் பீட் டவுன்செண்டுக்குப் பின்னால் ரிதம் கிதார் இவர்தான். கிங்க்ஸ் குழுவின் மிகப் புகழ்பெற்ற கிதார் சோலோவும் இவருடையதுதான் என்று ஒரு கதை பல வருஷமாக உலவுகிறது. அது பொய். அதை வாசித்தவர் அந்தக் குழுவின் டேவ் டேவிஸ். பேஜே பலமுறை மறுத்திருக்கிறார். ஒரு பதினேழு வயதுப் பையனின் சாதனையை அவனிடமிருந்து பிடுங்குகிற கதை என்பதால் இதை எங்கே பார்த்தாலும் திருத்துவது என் வழக்கம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அந்த அறைகளில் பேஜ் விரல் வேகத்தை மட்டும் வளர்த்துக்கொள்ளவில்லை. இசைத்தட்டு எப்படித் தயாராகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார். எந்த மைக்கை எங்கே வைக்கிறார்கள், வைத்த பிறகு ஒலி ஏன் செத்துப்போகிறது, இசைக்கோப்பாளர் வயலின்களை எப்போது உள்ளே கொண்டுவருகிறார், தயாரிப்பாளர் எந்த இடத்தில் பொறுமை இழக்கிறார், எல்லாவற்றையும் பார்த்தார். சம்பளம் வாங்கிக்கொண்டே படித்த கல்லூரி அது.

உதாரணத்துக்கு டிரம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் டிரம்ஸ் வாசிப்பவரைச் சத்தம் வெளியே கசியாத ஒரு சின்னத் தடுப்புக்குள் உட்காரவைத்து, மைக்கை டிரம்ஸை ஒட்டி வைத்துவிடுவார்கள். நேரில் கேட்டால் நெஞ்சில் இடிக்கிற அடி, டேப்பில் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி வரும். காரணம் எளிது. டிரம் என்பது காற்றை அசைக்கிற வாத்தியம். தோலில் விழுந்த அடி அறையின் சுவர்வரை போய்த் திரும்பிவந்தால்தான் அதன் உடம்பு முழுதாகக் கேட்கும். ஒட்டி வைத்த மைக்குக்கு அடி மட்டும்தான் கேட்கும், அறை கேட்காது. பேஜ் இதை வருஷக்கணக்கில் பார்த்து எரிச்சலடைந்தவர். தனக்கென்று ஒரு குழு வந்ததும் டிரம்ஸைத் திறந்த அறையில் வைத்து, மைக்கைத் தள்ளியும் உயரத்திலும் வைக்கச் சொன்னார். கிதார் ஆம்ப்ளிஃபையருக்கும் அதே முறை: கிட்டே ஒரு மைக், பல அடி தள்ளி இன்னொன்று, இரண்டையும் கலந்துவிடுவது. லெட் செப்பெலினின் முதல் ஆல்பத்தில் உங்கள் பக்கத்து அறையில் நான்கு பேர் நிஜமாகவே வாசிப்பதுபோலக் கேட்கிறதே, அது இப்படி வந்ததுதான். டிரம்ஸில் போன்ஹாம் இருந்ததும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதரைத் தடுப்புக்குள் அடைத்திருந்தால் நமக்குப் பாதி போன்ஹாம்தான் கிடைத்திருப்பார்.

கிதாரை வயலின் வில்லால் வாசிக்கிற அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கும் செஷன் அறைதான் மூலம். ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்த மூத்த வயலின் கலைஞர் டேவிட் மக்கல்லம் ஒருநாள் பேஜிடம், வில்லால் வாசித்துப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். வயலினில் தந்திகளைத் தாங்கும் மேடு வளைந்தது, அதனால் வில்லால் ஒரு தந்தியைத் தனியாகத் தொட முடியும். கிதாரில் ஆறு தந்தியும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிடப்பதால் ஓரத் தந்திகள் மட்டுமே வசமாகும். நடுவில் இழுத்தால் பல தந்திகள் சேர்ந்து முனகும். அந்தக் குறையையே பேஜ் குணமாக்கிக்கொண்டார்.

சிதார் மீதும் அவருக்கு அப்போதே ஆசை. லண்டனில் அது நாகரிகமாகும் முன்பே ஒன்றை வாங்கி, ட்யூனிங் தெரியாமல் தவித்து, ரவிசங்கரிடமே கேட்டு எழுதிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். முதல் ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் கிதாரோடு தபலா ஒலிப்பது இதன் தொடர்ச்சி. வாசித்தவர் விராம் ஜசானி.

செஷன் வேலையை 1966இல் விட்டார். கடைகளிலும் லிஃப்டுகளிலும் போடுகிற பின்னணி இசைக்குப் பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டியிருந்தது, அதற்கு மேல் தாங்கவில்லை என்பதுதான் அவர் சொல்லும் காரணம். அதற்கு ஒரு வருஷம் முன்பு, கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸ் என்ற குழுவை விட்டுப் போனபோது அந்த இடம் முதலில் பேஜைத் தேடித்தான் வந்தது. அவர் மறுத்து, சிறுவயது நண்பர் ஜெஃப் பெக்கைக் கைகாட்டினார். பெக் நன்றி மறக்கவில்லை. 1959ஆம் ஆண்டு டெலிகாஸ்டர் கிதார் ஒன்றைப் பரிசாகத் தந்தார். ஓவியக் கல்லூரி மாணவர் சும்மா இருப்பாரா, பிறகு அதன்மேல் டிராகன் ஒன்றை வரைந்துவிட்டார். லெட் செப்பெலின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் கேட்பது அந்த டெலிகாஸ்டர்தான். பலரும் நினைக்கிற லெஸ் பால் கிதார், 1969இல் ஜோ வால்ஷ் என்ற கிதார் கலைஞரிடமிருந்து பிறகு வந்தது.

1966 ஜூனில் பேஜ் யார்ட்பேர்ட்ஸில் சேர்ந்தார், அதுவும் முதலில் பேஸ் வாசிக்க. கொஞ்ச நாளில் பெக்கும் அவரும் இரட்டை கிதாராக நின்றார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் பெக்கும் போய்விட்டார். செஷனில் வந்ததைவிடக் கையில் கிடைத்த பணம் குறைவு. ஆனாலும் இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, அமெரிக்காவின் புதிய பண்பலை வானொலிகளும் பெரிய நடன அரங்குகளும் நீண்ட பாட்டுகளுக்குக் காத்திருக்கின்றன என்பது. இன்னொன்று, தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட். ஒற்றைப் பாட்டு இசைத்தட்டுகளில் வெற்றிமேல் வெற்றி கண்டவர் அவர். ஆல்பம் அவருக்கு இரண்டாம்பட்சம், அவசர அவசரமாக முடித்துவிடுவார். அந்த அவசரத்தில் ஒரு நல்ல குழு கரைந்துபோவதை உள்ளிருந்து பார்த்தவர் பேஜ்.

1968 ஜூலையில் யார்ட்பேர்ட்ஸ் கலைந்தது. மிச்சமிருந்தவை அந்தப் பெயர், மேலாளர் பீட்டர் கிராண்ட், ஸ்காண்டிநேவியாவில் ஒப்புக்கொண்டிருந்த சில கச்சேரிகள். பேஜ் புதிய குழுவுக்கு ஆள் தேடினார். பாடகர் டெர்ரி ரீட் வர மறுத்து பிளான்டைச் சொன்னார், பிளான்ட் போன்ஹாமைச் சொன்னார், பழைய செஷன் தோழர் ஜோன்ஸ் தானே போன் செய்தார். இந்தப் பகுதியை நால்வரின் வாயாலேயே படம் அழகாகச் சொல்கிறது, நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஜோன்ஸைப் பற்றி ஒன்று மட்டும். அவரும் அதே ஸ்டூடியோக் கல்லூரியில் படித்தவர். பேஸ் வாசித்தது மட்டுமில்லை, பிறர் பாட்டுகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா எழுதிக்கொடுத்தவர். ஆகஸ்டில் லண்டன் ஜெரார்ட் தெருவில் ஒரு நிலவறையில் நால்வரும் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்தபோது, அதில் இரண்டு பேருக்கு ஸ்டூடியோ என்பது இரண்டாவது வீடு.

அதனால்தான் அடுத்த இரண்டு மாதம் அவ்வளவு வேகமாக நடந்தது. செப்டம்பர் 7இல் டென்மார்க்கில் முதல் கச்சேரி. திரும்பி வந்ததும் லண்டன் பார்ன்ஸ் பகுதியில், முன்பு சினிமாக் கொட்டகையாக இருந்த ஒலிம்பிக் ஸ்டூடியோ. மொத்தம் ஏறத்தாழ 36 மணி நேரம், சுமார் 1,800 பவுண்ட், அதுவும் பேஜின் சொந்தப் பணம். ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸும் எப்சம் ஊர்க்காரர்தான், பழைய பழக்கம். ஆனாலும் தயாரிப்பாளர் என்ற பெயரைப் பங்குபோட பேஜ் சம்மதிக்கவில்லை. ஒரு பாட்டின் முடிவில் எதிரொலியைத் தலைகீழாக வரவைக்க வேண்டும் என்று பேஜ் கேட்க, அது முடியாது என்றாராம் ஜான்ஸ். டேப்பைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் எதிரொலியைப் பதிந்து, மறுபடி நேராக்கினால், சத்தத்துக்கு முன்னாலேயே அதன் எதிரொலி வந்து நிற்கும். யார்ட்பேர்ட்ஸ் காலத்திலேயே பேஜ் செய்து பார்த்த வித்தை அது. சொன்னபடி வந்தது. முடியும் என்று முன்பே தெரிந்த ஒருவர் அறையில் இருந்ததால்தான் 36 மணி நேரத்தில் ஓர் ஆல்பம் முடிந்தது.

சொந்தப் பணம் போட்டதற்குப் பலன் நியூயார்க்கில் தெரிந்தது. பேஜும் கிராண்டும் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்திடம் போனபோது, முடித்த டேப் கையில் இருந்தது. என்ன பதிவுசெய்வது, அட்டையில் என்ன படம், ஒற்றைப் பாட்டு வெளியிடுவதா வேண்டாமா, எல்லாம் குழுவின் முடிவு என்று ஒப்பந்தமானது. மிக்கி மோஸ்டிடம் கற்ற பாடத்தின் மறுபக்கம் அது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 1968 டிசம்பர் 26இல், டென்வரில் முதல் அமெரிக்கக் கச்சேரி. ஆல்பம் வந்தது 1969 ஜனவரியில். அந்த வருஷம் முடிவதற்குள் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் பீட்டில்ஸைக் கீழே இறக்கிவிட்டது. இந்தப் பகுதியில் படம் பாட்டுகளைத் துண்டு போடாமல் முழுதாக ஓடவிடுகிறது. ஆவணப்படங்களில் அபூர்வமான துணிச்சல் இது. ஒரு கச்சேரியில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள் பாருங்கள், இந்தச் சத்தம் அன்று எவ்வளவு புதிதாக இருந்திருக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. குழுவில் இருந்தவர்கள் மட்டும் பேசுவது இந்தப் படத்தின் பலம், அதுவே பலவீனமும். யாருடைய பாட்டு யாருடைய பெயரில் வந்தது என்று கேட்க அங்கே வெளியாள் யாரும் இல்லை. முதல் ஆல்பத்தில் வில்லால் வாசிக்கிற அந்த நீண்ட பாட்டு, 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்', ஜேக் ஹோம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் 1967இல் வெளியிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் நியூயார்க்கில் யார்ட்பேர்ட்ஸும் அவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஆல்பத்தில் பெயர் பேஜ் மட்டும். ஹோம்ஸ் 2010இல் வழக்குப் போட்டார், சமரசமானது, பிறகு வந்த வெளியீடுகளில் அவர் பெயரும் சேர்ந்தது. இந்தப் படம் வந்த பிறகு 2025இல் மறுபடியும் நீதிமன்றம் போனார். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜோன் பையஸின் இசைத்தட்டில் கேட்டுப் பிளான்டும் பேஜும் எடுத்துக்கொண்ட இன்னொரு பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு என்று அச்சாகியிருந்தது. உண்மையில் அதை எழுதியவர் ஆன் பிரெடன் என்ற பெண். அவர் பெயர் சேர இருபது வருஷத்துக்குமேல் ஆனது. இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டுக்காக ப்ளூஸ் மேதை வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்து, அதுவும் சமரசத்தில் முடிந்தது. முதல் ஆல்பத்தில் இருந்த டிக்சனின் வேறு இரண்டு பாட்டுகளுக்கு அவர் பெயரை முறையாகவே போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பேஜை நேசிக்கிறவன் நான், அதனாலேயே இது எனக்கு வலிக்கிறது. செஷன் அறையில் பிறருடைய பாட்டை எடுத்து நகாசு செய்து வேறாக்குவதுதான் அன்றாட வேலை, அந்தப் பழக்கம் இதில் இருக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனால் செஷன் தாளின் தலையில் பாட்டை எழுதியவரின் பெயர் இருக்கும். இங்கே அது விடுபட்டது. இரண்டு மணி நேரப் படத்தில் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்கியிருந்தால் பேஜின் மதிப்பு குறைந்திருக்காது. ஹோம்ஸின் மூலத்தைக் கேட்டால் பேஜ் அதில் எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்பதும் சேர்ந்தே தெரியும்.

படம் 1970 ஜனவரி 9இல், ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரியோடு முடிகிறது. அன்று பேஜுக்கு இருபத்தாறாவது பிறந்தநாள்.

நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். 1968 மார்ச் 30இல் நியூயார்க் ஆண்டர்சன் தியேட்டரில் யார்ட்பேர்ட்ஸ் வாசித்த பதிவு இருக்கிறது. 1971இல் வெளிவந்து, பேஜ் தடை வாங்கியதால் கடைகளிலிருந்து மறைந்து, பல வருஷம் கழித்து அவரே சரிசெய்து வெளியிட்டது. அதில் ஹோம்ஸின் அந்தப் பாட்டைக் கேளுங்கள். உடனே லெட் செப்பெலின் முதல் ஆல்பத்தில் அதே பாட்டைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆறேழு மாதம்தான். அதே டெலிகாஸ்டர், அதே வில், நடுவில் வருகிற அந்த ஊளைச்சத்தம்கூட முதலாவதிலேயே தயாராக இருக்கிறது. பேஜ் செஷன் அறைகளில் சேர்த்தது அனைத்தும் அங்கே இருக்கிறது, ஆனாலும் பாட்டு தரையைவிட்டு எழும்பவில்லை. இரண்டாவதில் வில் நின்று, கிதார் வேகமெடுக்கும்போது போன்ஹாம் உள்ளே நுழைகிற இடத்தைக் கவனியுங்கள்.